வயிற்றில் கை வைக்காத வீடு

அந்த வீட்டில் ஸ்டெதாஸ்கோப் மட்டும் ஐந்து இருந்தது. ஒன்று வரவேற்பறை அலமாரியில் கண்ணாடிக்குள் பூட்டி வைத்தது. பெரிய டாக்டர் படித்து முடித்த வருடம் வாங்கியது. மீதி நான்கும் ஆணியிலும் நாற்காலி முதுகிலும் காரிலும் தொங்கும். இத்தனை இருந்தும், ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு சோபாவில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்த பதினொரு வயதுப் பெண்ணின் வயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்க்க அங்கே ஓர் ஆள் இல்லை. எல்லோரும் பேசினார்கள். பேச்சுக்கு மட்டும் அந்த வீட்டில் என்றைக்குமே குறைச்சல் கிடையாது.

பெண்ணின் அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் டாக்டர் இல்லை. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, வழியில் எங்கே நின்று தாமதமானது என்று நோட்டில் குறிப்பது அவள் வேலை. டாக்டர் வீட்டுப் பிள்ளை டைம் கீப்பரை எப்படிக் கட்டினான் என்று கேட்டால், படிக்கிற காலத்தில் அவன் தினமும் ஒரே வண்டியில் போனவன். அந்த வண்டியின் நேரம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தும் தினமும் அவள் உட்கார்ந்திருந்த கூண்டுக்குப் பக்கத்தில் வந்து நேரம் கேட்டான். அவ்வளவுதான். அப்பாவைக் கேட்காமல் அவன் செய்த காரியம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதோடு இருந்த துணிச்சலெல்லாம் தீர்ந்துபோய்விட்டது.

வலி தொடங்கியது முந்தின நாள் சாயங்காலம். பள்ளிக்கூடத்து வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருந்த பாப்பா, தொப்புளைச் சுற்றி என்னவோ பண்ணுகிறது என்றாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். கை தானாகவே ஒரு காகிதத்தை எடுத்து, நாலு பத்து, தொப்புள், என்று எழுதியது. தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை. ராத்திரி சாப்பாட்டைப் பாப்பா திரும்பியே பார்க்கவில்லை. ஒன்பது இருபதுக்கு வாந்தி. காலை ஐந்து ஐம்பதுக்கு, வலி இப்போது இங்கே, என்று வலது பக்கம் கீழே விரலை வைத்துக் காட்டினாள். உடம்பு லேசாகச் சுட்டது. எல்லாம் அந்தக் காகிதத்தில் வரிசையாக ஏறியிருந்தது.

எட்டரைக்குக் குடும்ப மருத்துவ மாநாடு கூடியது. தலைமை, வேறு யார், பெரிய டாக்டர்தான். இதய நிபுணர். நாற்பது வருடம் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஊரில் பாதி டாக்டர்கள் அவரிடம் பாஸ் ஆனவர்கள். மீதிப் பாதி அவரிடம் ஃபெயில் ஆனவர்கள். இரண்டு பாதிக்கும் இன்றுவரை அவரைக் கண்டால் கால் நடுங்கும். அவர் பேத்தியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, முழுசாக ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு, இதயம் அருமையாக இருக்கிறது என்று அறிவித்தார். இதயத்தைப் பற்றி யாராவது புகார் சொன்னார்களா என்ன? வயிறு வலிக்கிறது என்று துடிக்கிற பிள்ளைக்கு இதயத்துக்கு நற்சான்றிதழ்.

அடுத்து நாத்தனார். மன நோய் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை பிறந்த வீட்டுக்கு வந்தால், வீட்டில் உள்ளவர்களின் மனசையெல்லாம் துவைத்துக் காயப்போடாமல் திரும்பமாட்டாள். அடுத்த வாரம் பரீட்சை, பயம்தான் வயிற்றில் வலியாக இறங்கியிருக்கிறது என்றாள். பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளையா இது? பரீட்சை அன்றைக்குப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிற பிள்ளை. பாப்பாவின் அப்பா எலும்பு டாக்டர். வெள்ளிக்கிழமை பந்து விளையாடினாளே, தசை பிடித்திருக்கும் என்று, ஒரு வலி மாத்திரையை இரண்டு வாய்த் தண்ணீரில் முழுங்க வைத்தான். ஆக, அவரவர் அலமாரியில் எது இருந்ததோ அதை எடுத்து நீட்டினார்கள். வயிறு எவர் அலமாரியிலும் இல்லை.

டைம் கீப்பர் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "வலி இடம் மாறியிருக்கு. நேத்து நடுவுல, இன்னிக்கு வலது பக்கம் கீழ. நேரம் எல்லாம் எழுதி வெச்சிருக்கேன்" என்றாள்.

பெரிய டாக்டர் சிரித்தார். "இது பஸ் இல்லம்மா, கிளம்பின இடம், நின்ன இடம்னு குறிக்கறதுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனார் சிரித்தாள். எலும்பு டாக்டரும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் அவள் மனதில் தனியாகக் குறித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவள் ஒரு தப்புப் பண்ணினாள். அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். பேருந்து நிலையத்தில் டிக்கெட் பரிசோதகர் ஒருவருக்கு இப்படித்தான் வந்தது, தொப்புளில் ஆரம்பித்து வலது பக்கம் போய் உட்கார்ந்தது, அந்த ஞாபகம். ஆனால் அந்த வீட்டில் வியாதிக்குப் பெயர் வைக்கிற உரிமை ஒருவருக்குத்தான் உண்டு. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்னும் பத்து நிமிஷத்தில் அவரே அந்தப் பெயரைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. மருமகள், அதுவும் பஸ்ஸுக்கு நேரம் எழுதுகிற மருமகள், முந்திக்கொண்டு சொன்ன பிறகு அதை அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? அந்த நிமிஷத்திலிருந்து பாப்பாவுக்கு எது வேண்டுமானாலும் இருக்கலாம், அப்பெண்டிக்ஸ் மட்டும் இருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

ஆனாலும் பேத்தி ஆயிற்றே. பெரிய மனசு பண்ணி, ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம் என்று பாப்பாவையும் அம்மாவையும் தன் ஆஸ்பத்திரிக்கே காரில் அழைத்துப் போனார். அங்கே வரிசை இல்லை, சீட்டு இல்லை, பெயர் எழுதவில்லை. சார் பேத்திக்குச் சீட்டா? நாற்காலிகள் வந்தன. தேநீர் வந்தது. மூன்று டாக்டர்கள் சுற்றி நின்று சாரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள். அன்று மத்தியானம் சாரின் ஐம்பது வருட சேவைக்குப் பாராட்டு விழா; அதற்கு என்ன நிறத்தில் கோட்டுப் போடப் போகிறார் என்று விசாரித்தார்கள். ஒரு டியூட்டி டாக்டர் மட்டும் பாப்பாவின் வயிற்றின் பக்கம் கையைக் கொண்டுபோனான். விரல் பட்டதும் அவள் "ஸ்ஸ்" என்று முகத்தைச் சுளித்தாள். அவன் சாரின் முகத்தைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். பாப்பா பயப்படுகிறாள் சார் என்றான். தெருவில் போகிற எவன் பிள்ளையாவது இப்படி முகத்தைச் சுளித்திருந்தால் அவன் இன்னும் நன்றாக அழுத்திப் பார்த்திருப்பான். சார் பேத்தியை அழ வைத்துவிட்டு அந்த ஆஸ்பத்திரியில் அவன் எப்படிக் குப்பை கொட்டுவது?

ரத்தம் எடுக்கலாமா என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை ஊசியால் குத்த வேண்டாம் என்று சார் அருள் பாலித்தார். ஸ்கேன் எடுத்தவர், குடலில் காற்று நிறைய, குடல்வால், அதாவது அப்பெண்டிக்ஸ், தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது காரில் சார் அதைக் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். பார்த்தாயா, ஒன்றுமில்லை என்றார். தென்படவில்லை என்றால் ஒன்றுமில்லையா? பனி மூடின காலையில் வண்டி கண்ணுக்குத் தென்படாவிட்டால் வண்டியே வரவில்லை என்று அவள் நோட்டில் எழுதினால் வேலை போய்விடும். இதை அவள் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அப்படியும் சந்தேகமா இருந்தா, நம்ம சீஃப் சர்ஜன் ஊர்லேர்ந்து திங்கக்கிழமை வந்துடுவான். அவன் பார்ப்பான். என் பேத்தி வயித்துல கண்டவன் கை வைக்க வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர். பேச்சு முடிந்தது.

பதினொரு மணிக்கு எல்லோரும் விழாவுக்குக் கிளம்பினார்கள். எலும்பு டாக்டர் வாசலில் நின்று, நான் வேண்டுமானால் இருக்கட்டுமா என்று மென்று முழுங்கினான். பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். எழுந்து நின்று கை தட்ட ஆள் குறைந்தால் விழா என்னத்துக்கு ஆகும்?

மாத்திரை வலியைக் கொஞ்சம் அமுக்கியிருந்தது. பாப்பா கழிவறைக்குப் போக எழுந்தாள். நிமிர முடியவில்லை. வலது கையால் வயிற்றின் அடியைத் தாங்கிக்கொண்டு, குனிந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நேற்று மத்தியானம் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவிய பிள்ளை. அதைப் பார்த்ததும் அம்மா அலமாரியிலிருந்து பையை எடுத்தாள். திங்கட்கிழமையாம். எந்தப் பேருந்தும் சீஃப் சர்ஜன் ஊருக்குத் திரும்புகிற வரைக்கும் பாதி வழியில் நிற்பதில்லை. இந்த வலியும் நிற்காது. இரண்டு துணியைப் பையில் போட்டாள், ஸ்கேன் காகிதத்தையும் தன் காகிதத்தையும் போட்டாள், பிள்ளையை அணைத்துப் பிடித்துத் தெருவுக்கு வந்து ஆட்டோ பிடித்தாள்.

பொது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஏழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் வண்டி ஏறி இறங்கும்போது பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவின் தோளில் நகத்தைப் பதித்தாள். "அம்மா, மேட்டுல மெதுவாப் போகச் சொல்லு" என்றாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு நடை வேகத்துக்கு வந்தார். அவருக்கு அது புரிந்தது.

சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில், பிள்ளையின் வயசு, அம்மாவின் வேலை, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டார்கள். இதுதான் இடம். மாமனார் பெயரை ஒரு தரம் உச்சரித்தால் போதும், ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவர் எழுந்து நிற்பார், நாற்காலி வரும், தேநீர் வரும், ஒருவன் வயிற்றுக்குக் கையைக் கொண்டுபோய் எடுத்துக்கொள்வான். அவளுக்கு அது தெளிவாக விளங்கியது. டைம் கீப்பர் என்றாள். அப்பா வெளியூர் என்றாள். தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்றாள். பதினேழாம் நம்பர் சீட்டைக் கொடுத்தார்கள். வலியோடு குனிந்து நின்ற பிள்ளையைப் பார்த்த நர்ஸ் ஒருத்தி, இவள் பதினேழாவதாகப் போகிற ஆளா, முதலில் உள்ளே கொண்டு வா என்று அதட்டினாள்.

சர்ஜன் ஒரு பெண். முப்பதைத் தாண்டியிருக்கலாம். செருப்பின் வார் அறுந்து கட்டுத்துணியால் முடிச்சுப் போட்டிருந்தாள். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. பாப்பாவைப் படுக்க வைத்து, சட்டையை மேலே தூக்கி, கையை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, எங்கே வலிக்கிறது, ஒரே ஒரு விரலால் காட்டு என்றாள். பாப்பா காட்டினாள். இருமு என்றாள். இருமினதும் பாப்பாவின் கை தானாக அந்த இடத்துக்குப் போனது. சர்ஜன் இடது பக்கத்தை மெதுவாக அழுத்தினாள். வலி வலது பக்கத்தில் எழுந்தது. அப்புறம் வலது பக்கம். பாப்பா அலறினாள். சர்ஜன் கையை எடுக்கவில்லை. இரண்டு நொடி அப்படியே வைத்திருந்து, வயிறு கல் மாதிரி இறுகுவதைத் தெரிந்துகொண்டு, பிறகுதான் எடுத்தாள். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பத்தொன்பது மணி நேரமாக அந்தப் பிள்ளையை உருப்படியாக அழ வைக்க ஓர் ஆள் கிடைக்கவில்லையே, அந்தக் கண்ணீர்.

கீழே இறங்கி வலது காலில் ஒரு குதி குதிக்கச் சொன்னாள். பாப்பாவால் முடியவில்லை. ரத்தம் எடுக்க, சிறுநீர் சோதிக்கச் சொல்லி ஆள் அனுப்பினாள். வலி எப்போது தொடங்கியது என்று கேட்டபோது அம்மா காகிதத்தை நீட்டினாள். சர்ஜன் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்பது அதிலேயே இருந்தது. வலி மாத்திரை கொடுத்த நேரம், தண்ணீர் எத்தனை வாய் என்பதுகூட இருந்தது.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"பாதி வேலை முடிஞ்சுது" என்றாள் சர்ஜன். காகிதத்தைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்துக் குத்தினாள். பிறகு ஸ்கேனைப் பார்த்தாள். தென்படாததால் ஒன்றுமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள் என்று அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தெரியலைன்னா தெரியலைன்னுதான் அர்த்தம். இல்லைன்னு அர்த்தமில்ல. எந்த அறிவாளி இதைப் படிச்சது?"

பதினாறு வருட மருமகள் வாழ்க்கையில் இத்தனை இனிமையான பேச்சு அவள் காதில் விழுந்ததில்லை. வீட்டில் ஒரு பெரியவர் என்றாள். அவர் என்ன செய்கிறார் என்று சர்ஜன் கேட்டாள். வாத்தியார் என்றாள் அம்மா. பொய் இல்லை. அப்படியானால் அவர் பாடத்தை நடத்தட்டும் என்று சர்ஜன் அடுத்த காகிதத்தைப் புரட்டினாள்.

அரை மணியில் ரத்தத்தின் முடிவு வந்தது. வெள்ளை அணுக்கள் எகிறியிருந்தன. சர்ஜன் சுற்றி வளைக்காமல் சொன்னாள்: அப்பெண்டிக்ஸ்தான், இன்றைக்கே எடுக்க வேண்டும், ஆபரேஷன் அரங்கம் ஒரு மணிக்குக் காலியாகிறது, இங்கே கையெழுத்துப் போடுங்கள். அம்மா பேனாவைத் திறந்தபோது பையில் போன் அடித்தது. எலும்பு டாக்டர். பின்னால் கை தட்டல் கேட்டது. பாப்பா எப்படி இருக்கிறாள், நாங்கள் சாப்பிட்டுவிட்டு வர நேரமாகும் என்றான். அவள் ஒளிக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன சொன்னார்கள், ஒரு மணிக்கு என்ன செய்யப் போகிறார்கள், எல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் போனைக் கையால் பொத்துகிற சத்தம். யாரோ யாரிடமோ கிசுகிசுத்தார்கள்.

"சர்ஜன்கிட்ட போனைக் குடு. அப்பா பேசணும்கறார்."

சர்ஜன் மூன்றடி தூரத்தில் நின்று பாப்பாவின் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் காதில் வைத்தால் போதும். சார், நீங்களா சார், சொல்லுங்க சார் என்பாள். திங்கட்கிழமை வரைக்கும் வயிறு காத்திருக்கும், காத்திருந்து வெடிக்கும்.

"அவங்க கை கழுவப் போயிட்டாங்க" என்றாள் அம்மா.

"ஏன் இப்படிப் பண்றே? அப்பா மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

"பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பீங்கன்னு யோசிங்க" என்று சொல்லிப் போனை அணைத்தாள். சர்ஜன் காட்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டாள்.

இரண்டே காலுக்கு சர்ஜன் வெளியே வந்தாள். நன்றாக வீங்கியிருந்தது, நுனி கறுத்துவிட்டது, ஆனால் வெடிக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் தாங்கியிருக்காது என்றாள். அம்மா அப்படியே நடைபாதைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். யாரும் அவளை எழுப்பவில்லை. அங்கே தரையில் உட்கார்ந்து அழுவது அதிசயமும் இல்லை.

மூன்று மணிக்கு அவர்கள் வந்தார்கள். பெரிய டாக்டர் முன்னால், கோட்டில் குத்திய பட்டு ரிப்பனோடு. பின்னால் மகனும் மகளும். அவர் வார்டுக்குள் காலை வைத்ததும் காற்று மாறிவிட்டது. உட்கார்ந்திருந்த டாக்டர்கள் எழுந்தார்கள். எங்கிருந்தோ ஒரு நாற்காலி ஓடி வந்தது. சர்ஜன் கேஸ் ஷீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்கு நிற்கிற மாணவி மாதிரி நின்றாள். அவளும் அவரிடம் படித்தவள்தான். பாப்பா யார் என்று அப்போதுதான் தெரிந்து முகம் வெளிறிப்போனாள்.

"நான் காலையிலயே அப்பெண்டிக்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். அதனாலதான் ஸ்கேனே எடுக்கச் சொன்னேன்" என்றார் பெரிய டாக்டர், வார்டு முழுக்கக் கேட்கும்படி. எலும்பு டாக்டர் தரையைப் பார்த்தான். நாத்தனார் ஜன்னலைப் பார்த்தாள். வெட்கம் என்கிற ஒன்று அந்தப் பரம்பரையில் இவர்கள் இருவரிடம்தான் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் பார்வையை நகர்த்துகிற அளவுக்குத்தான். எனக்கு ஏன் ஒரு போன் பண்ணவில்லை என்று அவர் சர்ஜனைக் கேட்டார்.

"உங்க பேத்தின்னு தெரியாது சார். தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பேன். நீங்க காத்திருக்கச் சொல்லியிருந்தா காத்திருந்திருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. கேஸ் ஷீட்டை மார்பிலிருந்து கீழே இறக்கினாள். பெரிய டாக்டர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, திருப்தியாகத் தலையை ஆட்டினார். சாயங்காலமே தன் ஆஸ்பத்திரிக்கு, குளிர்சாதன அறைக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டதாகவும் சொன்னார்.

பாப்பா மயக்கம் பாதி தெளிந்து முனகினாள். ஜுரம் பார்க்க வந்த நர்ஸ், காலையில் அதட்டிய அதே நர்ஸ், தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலுக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டாள். பெரிய டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். வைக்கலாமா சார் என்று வாய் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மா எழுந்து மாமனாருக்கும் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அவருக்கு முதுகைக் காட்டி நின்றது அதுதான் முதல் தடவை.

"எங்கயும் மாத்த வேண்டாம். இவ இங்கயே இருப்பா" என்றாள். பிறகு நர்ஸைப் பார்த்தாள். "சிஸ்டர், அவரைப் பார்க்காதீங்க. இவளைப் பாருங்க."

நர்ஸ் குனிந்து பாப்பாவின் கையைத் தூக்கி அக்குளில் தெர்மாமீட்டரை வைத்தாள். அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பன்னிரண்டு. சர்ஜன் கேஸ் ஷீட்டோடு குத்தியிருந்த அந்தக் காகிதத்தின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு அவளிடம் நீட்டினாள்.